பின்வரிசையில் ஒரு முகம்

தை பிறந்துவிட்டால் திருச்செந்தூரில் கல்யாண மண்டபம் கிடைப்பது அரிது. செந்திலாண்டவனைத் தொழுது மணவாழ்வைத் தொடங்க வேண்டும் என்று விரும்பும் குடும்பங்கள் தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர் என நாலா பக்கங்களிலிருந்தும் வந்து கூடுகின்றன. முகூர்த்த நாளில் ஒரே தெருவில் இரண்டு மூன்று கல்யாணங்களின் மேளம் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும். அம்மண்டபங்களின் வாயிலில், சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் பன்னீர்ச் செம்பும் வைத்த மேசைக்குப் பக்கத்தில், சில ஆண்டுகளாகப் புதிய பலகை ஒன்றையும் காண முடிகிறது. மணமக்கள் பெயருக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாய்ப் பொடிக்கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம் அதில் அச்சிட்டிருக்கும். கியூஆர் குறியீடு என்பார்கள். விருந்தினர் தம் கைப்பேசியை அதன்முன் காட்டி, பிறகு தம் முகத்தையும் ஒரு முறை படம் பிடித்துக் கொடுத்தால், அன்று புகைப்படக்காரர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களுள் அவர் முகம் உள்ளவை மட்டும் தனியே பிரிந்து அவரிடம் வந்து சேரும்.

முன்பு இப்படியா இருந்தது? கல்யாண வீட்டில் தடித்த ஆல்பம் ஒன்று இருக்கும். வருவோர் போவோர் அதை மடியில் வைத்துப் புரட்டுவார்கள். விருந்தினர் ஒருவருக்குத் தம் படம் வேண்டுமானால், ஸ்டூடியோவில் பிரதி போடச் சொல்லி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கூச்சத்தால் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. இப்பொழுது அழைப்பின்பேரில் வந்து ஓரமாக அமர்ந்து உண்டு சென்றவருக்கும் அவர் படம் கிடைத்துவிடுகிறது. அந்த அளவில் இது நல்ல ஏற்பாடுதான்.

தூத்துக்குடியில் வாழும் 76 வயது மூதாட்டி ஒருவர் தம் பேத்தியின் திருமணத்தை இவ்வாறு திருச்செந்தூரில் நடத்தினார். பேரன் பேத்திகளுக்கு மட்டுமன்றித் தெருவுக்கே அவர் ஆச்சி. இங்கும் அப்பெயரே போதும். அதிகாலையில் குடும்பமே சந்நிதிக்குச் சென்று வழிபட்டது. அங்கே கைப்பேசிக்கு இடமில்லை. 2022 டிசம்பர் 2 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் தொடர்பாக வந்த வழக்கிலேதான் தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடுக்குமாறு உத்தரவிட்டது. ஆதலால் மணப்பெண் கைகூப்பி நின்ற அந்தச் சில கணங்களுக்குப் படம் இல்லை. ஆச்சிக்கு அதில் குறையும் இல்லை. அவர் அங்கே சென்றது முருகனைக் காண்பதற்கு. அவன் தம்மைக் காண்கிறான் என்பதற்கு அவர் இதுவரை சான்று எதுவும் தேடியதில்லை.

மண்டபத்தில் கதை வேறு. இரண்டு புகைப்படக்காரர்கள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் இளைய பேரன் ஆச்சியை நடுக்கூடத்து நாற்காலியில் அமர்த்தினான். “ஆச்சி, கண்ணாடியக் கழத்திட்டு இத நேரா பாருங்க” என்று கைப்பேசியை நீட்டி ஒரு படம் எடுத்தான். சற்று நேரத்தில் 64 படங்கள் வந்து விழுந்தன. அனைத்திலும் ஆச்சி. ஆரத்திக்கு நிற்கும் ஆச்சி, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கும் ஆச்சி, கண்ணைத் துடைக்கும் ஆச்சி. பத்துப் பதினைந்து படங்களைத் தள்ளிய பிறகு அவருக்குச் சலிப்புத் தட்டியது. “ஏய்யா, என்னை நானே பாக்கவா கல்யாணத்துக்குப் போனேன்? மத்தவங்களக் காட்டு” என்றார்.

அக்கேள்விக்குள் பெரிய செய்தி இருக்கிறது. பழைய ஆல்பத்தில் தம்மைத் தேடுபவர்கள் பிறரைக் கடந்தே தம்மை அடைய வேண்டும். கோவில்பட்டி மாமா இளைத்துப் போனதும், சிறு பையனாக இருந்தவன் மீசையோடு நிற்பதும் அந்த வழியில்தான் கண்ணில் படும். பெயர் தெரியாத முகத்தைச் சுட்டி யார் என்று கேட்டால், மூன்று தலைமுறை உறவுமுறை விரியும். தன் முகம் மட்டும் தனக்கு வந்து சேரும்போது அந்தப் பேச்சுக்கு இடமில்லை.

கணினி முகத்தை நாம் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. மூக்கு தாத்தாவின் மூக்கு, சிரிப்பு அத்தையின் சிரிப்பு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. ஒவ்வொரு முகத்தையும் அது எண்களின் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஃபேஸ்நெட் என்னும் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒரே ஆளின் இரு படங்கள் தரும் எண்வரிசைகள் நெருங்கி அமையும். வேற்றாளுடையவை விலகி நிற்கும். எவ்வளவு நெருக்கம் இருந்தால் ஒரே ஆள் என்று கொள்வது என்பதை மட்டும் மனிதர்தாம் முன்கூட்டியே வரையறுத்து வைக்க வேண்டும்.

முத்துக்கரைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடைபெற்றது 1961-இல். சிப்பியிலிருந்து எடுத்த முத்துகளைத் தரம் பிரிக்க வணிகர்கள் பித்தளைச் சல்லடைத் தொகுதி ஒன்றை வைத்திருந்தார்கள். கிண்ணம் போன்ற பத்துச் சல்லடைகள். 20 துளைகள் உள்ளதில் தொடங்கி 1,000 துளைகள் உள்ளதில் முடியும். துளைகள் குறைவாகவும் பெரிதாகவும் உள்ள முதற் சல்லடையில் தங்குவது பெருமுத்து. ஒவ்வொன்றாய்க் கீழிறங்கிக் கடைசியிலும் தங்காமல் போவது தூள். முகத்தைப் பிரிக்கும் கணினியிலும் இத்தகைய துளை ஒன்று உண்டு. அதைப் பெரிதாக வைத்தால் உங்கள் படமே உங்களுக்கு வராமல் நழுவும். மாலை பாதி முகத்தை மறைத்ததும், பக்கவாட்டில் திரும்பி நின்றதும் கீழே விழுந்துவிடும். சிறிதாக வைத்தால் உங்களைப் போன்ற சாயல் உடைய பிறர் படமும் உங்களோடு தங்கிவிடும். இரட்டையர், உடன்பிறந்தோர் விஷயத்தில் இந்தத் தடுமாற்றம் மிகுதி.

ஆச்சியின் 64 படங்களில் அப்படி ஒன்று தங்கியிருந்தது.

மாங்கல்யதாரண வேளையில் மேடையிலிருந்து கூட்டத்தை நோக்கி எடுத்த படம் அது. எல்லாக் கைகளும் அட்சதை தூவ உயர்ந்திருக்கின்றன. கடைசி வரிசைக்கும் பின்னால், தூணை ஒட்டி ஒரு மூதாட்டி. பேரன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “மேடைலதானே நின்னீங்க ஆச்சி, தூண் பக்கம் எப்பப் போனீங்க? சேலையும் வேறயா இருக்கே” என்றான். ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கைப்பேசியைத் தாமே வாங்கிக்கொண்டார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அது நானில்லைய்யா. உன் சின்ன ஆச்சி” என்றார்.

ஆச்சியைவிட மூன்று வயது இளையவர் அந்தத் தங்கை, ஸ்ரீவைகுண்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். சகோதரிகள் இருவரும் பேசி 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. தந்தை விட்டுச்சென்ற உப்பளத்தைப் பங்கிட்டபோது, உப்புநீர்க் கிணறு யார் பங்கில் வருவது என்பதில் எழுந்த பூசல். உப்பளத்தில் கிணறு இல்லாத பங்கு வெறும் தரிசுதான் என்பது தூத்துக்குடியில் குழந்தைக்கும் தெரியும். ஆகவே இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. வழக்கு முடிந்தது. அளமும் கைமாறி வேறு யாருக்கோ போயிற்று. பேச்சு மட்டும் திரும்பவில்லை. இந்தக் கல்யாணத்துக்கும் தாம்பாளம் ஏந்திச் சென்று அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில்தான் அனுப்பினார்கள். தபாலில் அனுப்பினால் வரமாட்டார் என்பது தெரிந்தே அனுப்பினார்கள் என்று சொன்னாலும் தவறில்லை.

அவரோ வந்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு வரும் காலை ரயிலைப் பிடித்திருக்க வேண்டும். மொய்ப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. பந்தியில் அவரைக் கண்டவர் இல்லை. மாங்கல்யம் ஏறும்வரை நின்று, அட்சதையைத் தூவிவிட்டு, கை நனைக்காமலே போயிருக்கிறார். நானூறு பேர் கூடிய மண்டபத்தில் ஒருவர் கண்ணிலும் படாமல் சென்றவரை, அக்காள் முகத்தைத் தேடிய இயந்திரம் தவறுதலாய்ப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தியது.

பேரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “குடும்ப வாட்ஸ்அப் குழுவுல போட்டுரவா ஆச்சி?” என்றான்.

“போடாதே. யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே அவ பின்னால நின்னா” என்றார் ஆச்சி.

படிப்பு அதிகம் இல்லாத மூதாட்டி ஒரு நொடியில் தொட்ட இடத்தை, சட்டம் இயற்றுவோர் பல ஆண்டுகள் விவாதித்தே வந்தடைந்தார்கள். வாயிற்பலகை, தம் முகத்தைத் தாமே முன்வந்து கொடுப்பவரிடம்தான் பேசுகிறது. ஆயின் கணினி அளந்து வைப்பதோ படத்தில் விழுந்த எல்லா முகங்களையும். தங்கை எந்தச் சதுரத்தையும் படம் பிடிக்கவில்லை. எந்தக் கைப்பேசிக்கும் முகம் காட்டவில்லை. ஒரு தாய் வயிற்றில் பிறந்த சாயல் ஒன்றே அவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமாக இருந்தது. அன்பினால் அக்காள் கையில் சேர்ந்தது என்று நாம் மகிழலாம். அதே படம் மனக்கசப்புள்ள வேறொருவர் கையில் சேர்ந்திருந்தால்?

2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பற்றிய விவரத்தை நிறுவனங்கள் பயன்படுத்த அவருடைய இசைவைப் பெற வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும், விவரத்தை அழிக்கும்படி கேட்கவும் அது வழி செய்கிறது. பெருநிறுவனங்களே இதில் பின்வாங்கியதுண்டு. படத்தில் இருப்பவர் இன்னார் என்று தானாகவே சுட்டிவந்த ஃபேஸ்புக், 2021 நவம்பரில் அந்த ஏற்பாட்டை நிறுத்துவதாகவும் நூறு கோடிக்கும் மேற்பட்டோரின் முக அளவுகளை அழிப்பதாகவும் அறிவித்தது.

கல்யாண வீட்டார் இதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. புகைப்படக்காரரிடம் சிலவற்றைக் கேட்டுத் தெளிந்தால் போதும். படங்கள் எத்தனை நாள் அங்கே இருக்கும், அதன்பின் முகங்களின் அளவுகளும் அழியுமா என்பது ஒன்று. இணைப்பு கிடைத்தவர் எல்லாரும் ஆல்பம் முழுவதையும் காண முடியுமா, தம் படத்தை மட்டுமா என்பது மற்றொன்று. வீட்டில் இளம்பெண்களும் குழந்தைகளும் இருந்தால் இன்னும் ஒன்றையும் கேட்க வேண்டும்: அந்நேரம் எடுத்த முகம்தான் வேண்டுமா, கைப்பேசியில் ஏற்கெனவே சேமித்த படத்தைக் கொடுத்தாலும் அது ஏற்குமா? பின்னதாயின், ஒரு பெண்ணின் பழைய படம் யாரிடம் இருக்கிறதோ அவர் அதைக் காட்டி, அவள் அன்று இருந்த எல்லாப் படங்களையும் வாங்கிக்கொள்ளலாம்.

ஓய்வூதியம் பெறும் பெரியவர்களுக்கு இந்த நுட்பம் முன்பே அறிமுகம். ஆச்சியின் கணவர் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் நவம்பரில் சான்று தர வேண்டும். முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து ஆயுள் சான்றிதழ் பெறும் வசதியை மத்திய அரசு 2021 நவம்பரில் தொடங்கிவைத்தது. அதில் கருவி கண்ணைச் சிமிட்டச் சொல்லும். எதிரே இருப்பது உயிருள்ள ஆளா, வெறும் படமா என்று அறிவதற்காக. முதன்முறை அதைக் கேட்டபோது அந்தப் பெரியவர் சிரித்துவிட்டாராம். தமயந்தியின் சுயம்வரத்தில் இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய நால்வரும் நளனின் உருவத்தையே எடுத்து வந்து அமர்ந்தார்கள் அல்லவா? ஐந்து முகங்களும் ஒன்றே. அவள் உண்மை நளனைக் கண்டுகொண்டது முகத்தால் இல்லை. தேவர்களின் கண் இமைக்கவில்லை, கால் நிலத்தில் தோயவில்லை, மாலை வாடவில்லை. இமைத்த கண்ணும் வாடிய மாலையும் உடையவனே மானிடன் என்று தேர்ந்தாள். அந்த இமைப்பையே ஓய்வூதியக் கருவி இன்று கேட்கிறது. கல்யாணப் படங்களைப் பிரிக்கும் கருவிகள் எல்லாம் அதைக் கேட்பதில்லை என்பதுதான் மேற்சொன்ன கவலைக்குக் காரணம்.

திருத்தலங்களுக்கும் இது வந்துவிட்டது. திருமலையில் தேவஸ்தானம் 2023 மார்ச்சு முதல் முகமறி முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தது. ஒருவருக்குரிய இலவச தரிசனத்தையும் தங்கும் அறையையும் இடைத்தரகர் கைப்பற்றாமல் தடுப்பது அதன் நோக்கம். 2025 பிரயாகை மகா கும்பமேளாவில் கூட்டத்தில் தவறியோரைச் சேர்த்துவைக்கும் மையங்களும் இதன் துணையை நாடின. கூட்டத்தில் கைவிட்டுப்போன வயோதிகத் தாயை மகனோடு சேர்ப்பதானால் இதைவிட நல்ல பயன் இதற்கு வேறு என்ன இருக்க முடியும்?

ஆச்சியின் கையில் இருந்த படத்துக்கு வருவோம். பேரனைத் தவிர வேறு எவருக்கும் அவர் அதைக் காட்டவில்லை. ‘நீ வந்தது எனக்குத் தெரியும்’ என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. மறைந்து நின்றவரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்வது, பதினாறு ஆண்டு மௌனத்தின் முடிவில் வெற்றிபெற்றவர் பேச்சாக ஒலிக்கும் என்று அஞ்சினார் போலும். கல்யாணத்துக்கு வர இயலாத உறவினர் வீட்டுக்குப் பின்னர் பலகாரம் கொண்டு செல்வது ஊர் வழக்கம். மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, முறுக்கும் அதிரசமும் மஞ்சள் கிழங்கும் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு, பேரனைத் துணைக்கு அழைத்து, ஸ்ரீவைகுண்டம் புறப்பட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை.

கதவைத் திறந்த தங்கை சற்று நேரம் அப்படியே நின்றார். பிறகு, “வாக்கா” என்றார். காப்பி வந்தது. பலகாரத் தட்டை வாங்கி ஒதுக்கமாய் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தார்.

“கல்யாணம் நல்லா நடந்துச்சா?”

“முருகன் புண்ணியத்துல நல்லா நடந்துச்சு.”

“பொண்ணுக்கு என்ன நிறத்துல பட்டு?”

ஆச்சி நிறத்தைச் சொன்னார், கரையைச் சொன்னார், மாப்பிள்ளை வீட்டார் சீர், மேளக்காரர், பந்தியில் பாயசம் குறைந்துபோனது வரை ஒன்றுவிடாமல் சொன்னார். தாமே கண்ணால் கண்டதைத் தங்கை கேட்கிறார். கண்டார் என்று தெரிந்தே அக்காள் விவரிக்கிறார். பேரன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அந்த வயதில் அது பெரிய காரியம்.

“போட்டோ எதுவும் கொண்டாந்தியாக்கா?” என்றார் தங்கை.

பேரன் கைப்பேசியை அவரிடம் கொடுத்தான். ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே வந்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. தூண், மின்விசிறி, உயர்ந்த கைகள். ஆச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இது யாரு, உன்னை மாதிரியே இருக்கே” என்றார் தங்கை, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மிஷினுக்கும் அப்படித்தான் தோணியிருக்கு. 64 படத்துல அதுவும் ஒண்ணா வந்துச்சு.”

வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. “வேண்டாம்னா சொல்லு, அழிச்சிரச் சொல்றேன். இந்தப் பையனத் தவிர யாரும் பாக்கல” என்றார் ஆச்சி.

தங்கை முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “இருக்கட்டும். அன்னைக்கு நான் நல்ல சேலைகூடக் கட்டல. வேற யாருக்கும் அனுப்பிராதீங்க” என்றவர், எழுந்து அடுக்களைப் பக்கம் நடந்துகொண்டே, “சாப்பிடாமப் போகக் கூடாது” என்றார்.

அன்று மதியம் அந்த வீட்டில் மூவருக்கும் இலை போடப்பட்டது.